கடல் தெரியாத ஜன்னல்

தூத்துக்குடியில் பார்க்க வேண்டிய இடங்கள் எவை என்று யாராவது கேட்டால் நான் வரிசையாகச் சொல்லிவிடுவேன். மாதா கோயில், துறைமுகக் கடற்கரை, முயல் தீவு, உப்பளம், அப்படியே தெற்கே இறங்கினால் திருச்செந்தூர், மணப்பாடு. எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்திருக்கிறேன். எந்த இடம் எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. அன்றைக்கு என் கண் இடங்களின் மேல் இல்லை. ஒரு பொய் மீன்முள்ளாகத் தொண்டையில் சிக்கிக்கொண்டு, உள்ளேயும் இறங்காமல் வெளியேயும் வராமல் என்னைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது.

என் மகளுக்கு இடது காது கேட்காது. ஆறு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தது. கன்னம் இரண்டும் பணியாரமாய் உப்பிப் போயின. என் தங்கச் சங்கிலியைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டேன். வேப்பிலை அரைத்துப் பற்றுப் போட்டேன். ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்தது, நாங்களும் நிம்மதியாக இருந்துவிட்டோம். போன வீக்கம் ஒரு காதையும் கூடவே கொண்டுபோயிருக்கிறது என்று தெரிய ஒரு வருடம் ஆயிற்று. போனை இடது காதில் வைத்துக்கொண்டு, "யாருமே பேசலையேம்மா" என்று அவள் சொன்ன நாளில்தான் தெரிந்தது. மதுரையில் இருக்கிற காது டாக்டர்களை எல்லாம் பார்த்தோம். நரம்பு போய்விட்டது, இன்னொரு காது அருமையாக இருக்கிறது, கவலைப்படாதீர்கள் என்றார்கள்.

அன்றிலிருந்து இருபத்தோரு வருடமாக அவளுடைய வலது பக்கம் என் இடம். பஸ்ஸில், சினிமாக் கொட்டகையில், கல்யாண மண்டபத்தில், எங்கே போனாலும் அவளை இடது ஓரத்தில் தள்ளிவிட்டு நான் வலது பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். சுவர் இருந்தால் அவள் இடது காது சுவர்ப் பக்கம், ஜன்னல் இருந்தால் ஜன்னல் பக்கம். நாற்காலி போடுகிற வித்தையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பார்க்கிறவர்களுக்கு ஒன்றுமே தெரியாது.

அவள் நன்றாகப் படித்தாள். ஆனையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கிறாள். கடைசி பெஞ்சில் எவன் முணுமுணுத்தாலும் ஒற்றைக் காதில் பிடித்துவிடுவாள் என்று பிள்ளைகள் பயப்படுவதாகக் கேள்வி. எல்லாம் நன்றாகத்தான் போனது, வரன் பார்க்க ஆரம்பிக்கும்வரை. முதல் இடத்தில் எடுத்த எடுப்பிலேயே காது விஷயத்தைச் சொன்னோம். "வீட்டுல கலந்துக்கிட்டுச் சொல்றோம்" என்று போனவர்கள் இன்னும் கலந்துகொண்டே இருக்கிறார்கள். இரண்டாவது இடத்தில் அந்த அம்மா மைசூர்பாகைக் கடித்துக்கொண்டே, "பேரன் பேத்திக்கும் வருமோ?" என்று என் மகளை வைத்துக்கொண்டே கேட்டாள். காய்ச்சலில் போன காது பரம்பரையாக எப்படி வரும்? கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர்கள் போன பிறகு என் மகள் டம்ளர்களை எல்லாம் கழுவி வைத்துவிட்டு, "அடுத்தவாட்டி மைசூர்பாக் வேணாம்மா, முறுக்கு போதும்" என்றாள்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைச் செய் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? நான் ஆயிரமா சொல்லப் போகிறேன், ஒன்றே ஒன்று. அதுவும் பொய்கூட இல்லை, சொல்லாமல் இருப்பது. மூன்றாவதாகத் தூத்துக்குடி வரன் வந்தபோது மகளை அடுப்படிக்குக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"ஏத்தா, இந்த ஒரு தடவை காதப் பத்தி வாயத் திறக்காத. கல்யாணம் முடியட்டும், பெறகு நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன்."

"சரிம்மா" என்றாள்.

அவள் இவ்வளவு சுருக்கமாகச் சம்மதித்தது எனக்குச் சந்தேகம் தந்திருக்க வேண்டும். சண்டை போடாமல் அவள் ஒத்துக்கொண்ட காரியம் அதற்கு முன்னால் எதுவும் இல்லை.

மாப்பிள்ளை துறைமுகத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறவர். அப்பா முப்பது வருடம் பஸ் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். அம்மா வீட்டில். ஒரே பையன். கோச்சடையில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார்கள். நான் விடியற்காலையிலேயே நாற்காலிகளை அடுக்கி, மகளின் இடது பக்கம் பீரோ வருகிற மாதிரி செய்துவிட்டேன். ஒரு தடங்கலும் இல்லை. அவர்களுக்குப் பிடித்தது, இவளுக்கும் பிடித்தது. இருவரும் போனில் பேசிக்கொள்ளட்டும் என்று விட்டோம். அடுத்தது நாங்கள் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போக வேண்டும்.

இதற்கு எங்கள் பக்கம் முறை உண்டு. வீடு பார்க்கப் போகிற இடத்தில் பேச்சு முடிவாகிறவரை கை நனைக்கக் கூடாது. காப்பி குடிக்கலாம், சோறு சாப்பிடக் கூடாது. சாப்பிட்டால் சம்மதம் என்று ஆகிவிடும். பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகவும் கூடாது. கல்யாணத்துக்கு முன்னால் அவள் அந்த வாசலை மிதிக்கக் கூடாது. மாப்பிள்ளையின் அப்பா போனில் இதற்கு ஒரு வழி சொன்னார்.

"பாப்பா வீட்டுக்கு வர வேண்டாம், தங்கச்சி. ஊரு பாக்க வரட்டும். வேன் ஒண்ணு பிடிச்சு நானே ஓட்டுதேன். நீங்க ரெண்டு பேரும் பத்து நிமிசம் வீட்டப் பாத்துட்டு வந்திருங்க, பெறகு எல்லாரும் சேந்து ஊரச் சுத்துவோம். முறைக்கு முறையும் ஆச்சு, பிள்ளையும் கடலப் பாத்த மாதிரி ஆச்சு."

சட்டத்தில் ஓட்டை கண்டுபிடிக்கிற மனிதரை எனக்குப் பிடிக்கும். சரி என்றேன்.

என் வீட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார். அவருக்குச் சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால். ஊரில் மற்றவர்கள் யாரையாவது பார்க்கப் போனால் ஆப்பிள் வாங்குவார்கள், பிஸ்கட் வாங்குவார்கள். இவர் எங்கே போனாலும் ஒரு கட்டு வெற்றிலை கொண்டுபோவார். பல் டாக்டருக்கே கொடுத்திருக்கிறார். அதனால் முந்தின நாளே கறாராகச் சொல்லிவைத்தேன்.

"என்னங்க, நாளைக்கு வெத்தல மட்டும் வேணாம். மாப்பிள்ளை வீட்டுல கொண்டுபோய் வெத்தல குடுத்தா நிச்சயம் பண்ணுன மாதிரி ஆயிரும்."

"எனக்குத் தெரியாதாக்கும்" என்றார்.

காலை பஸ்ஸில் போய் இறங்கினோம். பஸ் ஸ்டாண்டு வாசலிலேயே மாப்பிள்ளையின் அப்பா வெள்ளை வேனோடு நின்றார். மகளைத் தெருமுனையில் வேனிலேயே உட்காரவைத்துவிட்டு நாங்கள் இருவரும் உள்ளே போனோம். சுத்தமான வீடு. மாடியில் ஒரு அறை, கொல்லையில் ஒரு முருங்கை. மாப்பிள்ளையின் அம்மா என்னைவிட இரண்டு வயது பெரியவராக இருக்கும். "வாங்க மதினி" என்று கையைப் பிடித்தார். காப்பி குடித்தோம். கிளம்பலாம் என்று நான் எழுந்தபோது என் வீட்டுக்காரர் கையில் வைத்திருந்த துணிப்பையைத் திறந்தார். ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு கட்டு வெற்றிலை. பச்சைப் பசேலென்று இருந்தது, பாவி மனிதன் நல்லதாகத்தான் பறித்திருக்கிறார்.

"நம்ம கொடிக்கால் வெத்தல. சும்மா வாயில போட்டுப் பாருங்க" என்று நீட்டினார்.

அந்த அம்மா கணவரைப் பார்த்தார். கணவர் அந்த அம்மாவைப் பார்த்தார். இருவர் முகமும் மலர்ந்துவிட்டது. அந்த அம்மா முந்தானையை விரித்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு நேரே சாமி விளக்குக்குப் போனார். டப்பாவிலிருந்து கொட்டைப்பாக்கு எடுத்து அதன் மேல் வைத்தார். "பாக்கு எங்களோடதா இருக்கட்டும்" என்றார். அதுவரை என் வீட்டுக்காரரை அண்ணாச்சி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் அப்பா, "அப்ப கெளம்புவோமா சம்பந்தி?" என்றார்.

வாசலுக்கு வரும்போது இவர் விலாவில் ஒரு இடி இடித்தேன். "என்ன காரியம் பண்ணுனீங்க!"

"வெறும் வெத்தலதேன குடுத்தேன்? பாக்கு வைக்கலையே. பாக்கு இல்லாத வெத்தல வெறும் எலதேன்" என்றார். கொடிக்கால்காரர்களுக்கு மட்டுமே வரக்கூடிய புத்தி இது. அவர்களுக்கு வெற்றிலை என்றால் கீரைக்கட்டு மாதிரி.

சொல்லாமல் இருப்பது வேறு, சாமி விளக்குக்கு முன்னால் வெற்றிலை வைத்த பிறகும் சொல்லாமல் இருப்பது வேறு. இந்த அம்மா முந்தானை விரித்து வாங்கினாரே, அந்த முந்தானையில் நான் பொய்யை அல்லவா சேர்த்துப் போட்டிருக்கிறேன்? நாளைக்கு அந்த வீட்டில் என் மகள் இடது பக்கமிருந்து கூப்பிட்டதற்குத் திரும்பாமல் நின்றால், செவிடியைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று ஒரு சொல் வந்துவிட்டால், அவள் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வாள்? இன்றைக்கே, மதுரை பஸ் ஏறுவதற்குள், அந்த அம்மாவைத் தனியாகப் பிடித்துச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். வேண்டாம் என்றால் வேண்டாம். வெற்றிலை வாடுவதற்குள் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் ஊர் சுற்றிக் காட்டுகிறவரிடம் மாட்டியிருக்கிறோம் என்பது எனக்கு அப்போது புரியவில்லை. மாப்பிள்ளையின் அப்பா நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எட்டு இடங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரம் குறித்து, ஸ்டியரிங் பக்கத்தில் கிளிப் போட்டு வைத்திருந்தார். வேனில் யார் எங்கே உட்காருவது என்பதும் அவர் முடிவுதான். முன்னால் அவர் பக்கத்தில் என் வீட்டுக்காரர். நடுவரிசையில் இடது ஜன்னலில் என் மகள், அவளுக்கு அடுத்து மாப்பிள்ளையின் அம்மா, வலது ஜன்னலில் நான். பின்னால் மாப்பிள்ளை, ஊர்ப் பெயர் சொல்லும் மக்ரூன் இனிப்புப் பெட்டிகளோடு.

"பாப்பா, நீ அந்த ஓரத்துல உக்காரு தாயி. கடலு அந்தப் பக்கம்தான் தெரியும்" என்றார்.

கடவுளே காப்பாற்றிவிட்டார் என்று நினைத்தேன். கேட்காத காது ஜன்னல் பக்கம் போய்விட்டது. நானே இருந்தாலும் இதைவிட நன்றாக உட்காரவைத்திருக்க முடியாது. என் இடத்தில் அந்த அம்மா உட்கார்ந்தது கொஞ்சம் உறுத்தியது.

முதலில் மாதா கோயில். உள்ளே வெள்ளையும் நீலமுமாக அவ்வளவு அழகு. பேச முடியாத அமைதி. நான் மாப்பிள்ளையின் அம்மா பக்கத்தில் முட்டி போட்டு, "மதினி, ஒண்ணு" என்று ஆரம்பித்தேன். அவர் உதட்டில் விரலை வைத்தார். வெளியே வந்ததும் சொல்லலாம் என்றால், வெளியே வந்த நொடியில் ஹாரன் அடித்தது. "ரெண்டு நிமிசம் லேட்டு" என்றார் டிரைவர்.

அடுத்தது துறைமுகக் கடற்கரையும் முயல் தீவும். முயல் ஒன்றையும் காணோம். தூரத்தில் கப்பல்கள் நகராமல் நின்றன. மாப்பிள்ளை என் மகளுக்கு எந்தக் கப்பல் எந்த ஊர்க் கப்பல் என்று சொல்லிக்கொண்டே நடந்தார். காற்று அப்படி அடித்தது. அவளுக்குக் கேட்கிறதோ இல்லையோ என்று பின்னாலேயே ஓட்டமும் நடையுமாகப் போனேன். அவள் சரியான இடத்தில் சிரித்தாள், சரியான இடத்தில் கேள்வி கேட்டாள். நல்லவேளையாக அந்தப் பையன் அவளுக்கு வலது பக்கமாகவே நடந்தான். இன்றைக்கு நமக்கு நேரம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

உப்பளத்தில் வெயில் கண்ணைப் பறித்தது. அங்கே நிழல் என்று இருந்தது வேனின் நிழல் மட்டும்தான். அதில் ஆறு பேரும் ஒட்டிக்கொண்டு நின்றோம். ரகசியம் பேச வழியில்லை.

திருச்செந்தூர் போகிற வழியில் ஆத்தூர் வந்தது. அங்கேயும் வெற்றிலைக் கொடிக்கால்கள் உண்டு என்று பாவிக்கு யார் சொன்னார்களோ, என் வீட்டுக்காரர், "அண்ணே, வண்டிய நிப்பாட்டுங்க" என்று கத்தினார். எட்டு இடத்துப் பட்டியலில் இல்லாத இடம். அன்றைக்கு அவர் உருப்படியாக ஊர் பார்த்தது அது ஒன்றுதான். கொடிக்குள் புகுந்து ஒரு இலையைக் கிள்ளி மென்று, "காரம் கூடுதலாத்தேன் இருக்கு. ஆனா எங்க எல இம்புட்டுத் தடிமன் இருக்காது" என்று தோட்டக்காரரிடம் வம்பு வளர்த்தார். மாப்பிள்ளையின் அம்மாவும் வேடிக்கை பார்க்க இறங்கிப்போய்விட்டார். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கொடியிலேயே அவரைக் கட்டிப்போட்டுவிட்டு வந்திருப்பேன்.

மதியச் சாப்பாடு திருச்செந்தூரில் ஒரு ஹோட்டலில். ஹோட்டலில் சாப்பிடுவது கை நனைப்பதில் சேராது என்று சம்பந்தி விளக்கம் கொடுத்தார். அங்கேயும் அவர் என் மகளைச் சுவரோரமாக, வரிசையின் இடது கடைசியில் உட்காரச் சொன்னார். "அங்கதான் ஃபேன் காத்து வரும் தாயி" என்றார். நிமிர்ந்து பார்த்தேன். ஃபேன் எங்கள் தலைக்கு மேலே, இந்தக் கோடியில் சுற்றியது. மனிதருக்கு வயதாகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டு ரசத்தைக் குடித்தேன்.

முருகன் சன்னதியில் நின்றபோது எனக்கு எதையும் வேண்டிக்கொள்ள வாய் வரவில்லை. பொய் சொல்லிக்கொண்டு வந்து நின்றால் எதைக் கேட்பது? 'சூரியன் இறங்கறதுக்குள்ள சொல்லிர்றேன், அதுக்கு மேல உன் பாடு' என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

மணப்பாட்டில் மணல்மேட்டின் உச்சியில் ஒரு சிலுவைக் கோயில். மூன்று பக்கமும் கடல். வாழ்க்கையில் நான் பார்த்த நல்ல இடங்களில் ஒன்றாக அது இருந்திருக்கும், ஒழுங்காகப் பார்த்திருந்தால். மாப்பிள்ளையின் அம்மா தனியாகச் சுவரோரம் உட்கார்ந்து காலிலிருந்து மணலைத் தட்டிக்கொண்டிருந்தார். இதுதான் சமயம் என்று போய் உட்கார்ந்தேன்.

"மதினி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க மதினி."

வாய் திறந்தேன். ஊளையிட்ட காற்று வாய்ச் சொல்லை அப்படியே அள்ளிக்கொண்டு போனது. அவர் காதருகே கையைக் குவித்து, "என்னது?" என்றார். என் மகளின் கேட்காத காதைப் பற்றி ஊருக்கே கேட்கிற மாதிரி கத்திச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. "ஒண்ணுமில்ல, நல்ல காத்து" என்றேன்.

ஐந்து மணிக்குத் திரும்பினோம். தூத்துக்குடி வடக்கே. போகும்போது இடது பக்கம் இருந்த கடல் இப்போது வலது பக்கம், என் ஜன்னலில். ஆலந்தலைப் பக்கம் வரும்போது வெயில் தணிந்து கடல் அவ்வளவு அழகாகத் தெரிந்தது. என் மகளின் ஜன்னலில் பனைமரமும் முள்ளுக்காடும். மணப்பாட்டில் வேனில் ஏறும்போதே இந்தப் பக்கம் உட்கார வந்தவளைச் சம்பந்தி விடவில்லை. "நீ அந்த ஓரத்துலயே உக்காரு தாயி, கடலு நல்லாத் தெரியும்" என்று பழைய இடத்துக்கே அனுப்பினார்.

கடல் எங்கே இருக்கிறது, இவர் அவளை எங்கே உட்காரவைத்திருக்கிறார்? சொல்ல முடியாத விஷயம் நெஞ்சை அடைத்துக்கொண்டிருக்கும்போது சின்ன விஷயத்தில்தான் கோபம் பாயும். எனக்குப் பாய்ந்தது.

"அண்ணே, முப்பது வருசம் இந்த ரோட்டுல பஸ் ஓட்டுனேன்னு சொல்றீங்க. கடல் இங்கிட்டுல இருக்கு? அவள எதுக்கு அங்கிட்டு உக்கார வச்சீங்க? வந்ததுக்கு அவளும் நாலு அலையப் பாக்கட்டும்ல?"

சம்பந்தி கண்ணாடியில் தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்.

"அங்கன இருந்தாத்தான மதினி நாம பேசுதது அவளுக்குக் கேக்கும்?"

இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டால் பதில் சொல்கிற மாதிரி சொன்னார். காலையில் வேன், கடற்கரையில் அந்தப் பையன் நடந்த பக்கம், ஹோட்டலில் காற்று வராத ஃபேன் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து கண்முன்னால் நின்றன. நாற்காலி போடுகிற வித்தையில் நான்தான் கெட்டிக்காரி என்று நினைத்திருந்தேன். நான் மறைப்பதற்காக இருபத்தோரு வருடம் செய்ததை இந்த மனிதர்கள் அவள் காதில் நாலு வார்த்தை விழட்டும் என்று ஒரு நாள் முழுக்கச் செய்திருக்கிறார்கள்.

"உங்களுக்கு எப்படி..." என்றேன்.

"மொத நாள் போன்லயே இவன்ட்ட சொல்லிட்டாளே. 'எங்கம்மா மொதல்ல இதச் சொல்லிட்டுத்தான் வேற எதுவும் பேசணும்னு சொன்னாங்க'ன்னு சொன்னாளாம். எங்களுக்கு அதுதான் மதினி ரொம்பப் பிடிச்சுது. எதையும் மறைக்காத குடும்பம்னு."

என் மகளைப் பார்த்தேன். அவள் ஜன்னலுக்கு வெளியே மும்முரமாகப் பனைமரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கிற காது எங்கள் பக்கம்தான் இருந்தது. காதுமடல் சிவந்திருந்தது.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆயிரம் பொய்யில் நான் சொல்லாத ஒன்றை இவள் எனக்காகச் சொல்லியிருக்கிறாள். என்னை யோக்கியமானவள் ஆக்கி அந்த வீட்டில் உட்காரவைத்திருக்கிறாள். அப்படியே வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம், நல்ல பெயர் சும்மா கிடைத்திருக்கும். ஆனால் வெளியே சூரியன் பனைமரங்களுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. முருகனுக்கு வேறு வாக்குக் கொடுத்துத் தொலைத்திருக்கிறேன்.

"நான் சொல்லச் சொல்லல மதினி" என்றேன். "சொல்லக் கூடாதுன்னு சொன்னேன். ரெண்டு எடம் இதனாலயே தட்டிப்போச்சு. அந்தப் பயத்துல மறைக்கச் சொன்னேன். காலையிலேருந்து இதச் சொல்லத்தேன் உங்க பின்னாலயே அலையுறேன்."

சொல்லி முடித்ததும் முதலில் வந்தது மூச்சு. பிறகு கண்ணீர். வெட்கமாகக்கூட இல்லை. இத்தனை நாளாகத் தலையில் வைத்திருந்த கூடையை யாரோ இறக்கி வைத்த மாதிரி கழுத்து லேசாக இருந்தது.

அந்த அம்மா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "பொம்பளப் பிள்ளையப் பெத்தவ வேற என்னத்தச் செய்வா? விடுங்க" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, "அதான் மணப்பாட்டுல காத்து நல்ல காத்துன்னு சொன்னியளா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். பின்னால் மாப்பிள்ளை சிரித்தார். என் மகளும் பனைமரத்தை விட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பினாள்.

முன்னாலிருந்து என் வீட்டுக்காரர், "அப்ப நான் வெத்தல கொண்டாந்தது நல்லதாப் போச்சுல்ல?" என்றார். அந்தச் சந்தோஷத்திலும் அவரை ஒரு குத்துக் குத்தலாம் போலத்தான் இருந்தது.

சம்பந்தி ஸ்டியரிங் பக்கத்தில் இருந்த தாளைப் பார்த்தார். "இன்னும் ரெண்டு எடம் பாக்கி இருக்கு தங்கச்சி. கலங்கரை விளக்கு ஒண்ணு, பார்க்கு ஒண்ணு."

"அது கெடக்கட்டும்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "மறைச்சதுக்குத் தண்டன உண்டு மதினி. வீட்டுக்கு வந்து கை நனைச்சிட்டுத்தான் பஸ் ஏறணும்."

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைக்கிற நேரம். சாமி விளக்குக்கு முன்னால் காலையில் வைத்த வெற்றிலை, தண்ணீர் தெளித்து வைத்திருந்ததில் பச்சையாகவே இருந்தது. சம்பந்தி இலை போட்டார். நான் கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தேன். மகள் வாசலை மிதிக்கக் கூடாதே, அவள் வேனிலேயே இருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா அவளுக்குத் தட்டில் சோறு போட்டு எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து தெரு தெரிந்தது. வேனின் கதவு திறந்திருந்தது, உள்விளக்கு எரிந்தது. அந்த அம்மா உள்ளே ஏறி என் மகளுக்கு வலது பக்கத்தில் உட்கார்ந்து, தட்டை அவள் மடியில் வைத்துவிட்டு ஏதோ சொன்னார். அவள் வாயில் சோற்றை வைத்துக்கொண்டு சிரித்தாள். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. இருபத்தோரு வருடமாக அந்த இடத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. எழுந்து போகலாமா என்று ஒரு நொடி தோன்றியது.

"இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊத்துங்கண்ணே" என்றேன்.